கருப்பையாவின் எழுபத்திரண்டு நிமிடம்

1. நிறுத்தியது நாங்கள்தான்

இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் என் முதல் நாளன்று நான் ஆபரேஷன் தியேட்டரை விட்டு ஓடப் பார்த்தேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

என் பெயர் ஞானராஜ். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் பெண் நர்ஸ் 'சிஸ்டர்', ஆண் நர்ஸ் 'பிரதர்'. ஆகவே என் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. பொது வார்டில் ஆறு வருடம் ஓட்டிவிட்டு இந்தப் பிரிவுக்கு வந்தேன். ஆபரேஷனுக்கு ஆளைத் தயார் செய்வதும், ஆபரேஷன் முடிந்து வந்தவரை ஐ.சி.யூ.வில் பார்த்துக்கொள்வதும் என் வேலை. தியேட்டருக்குள் எனக்கு ஒரு சோலியும் கிடையாது. ஆனால் எங்கள் பெரிய டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும் ஒரு ஆபரேஷனை முழுசாக நின்று பார்க்க வைப்பார். தானே பார்க்காதவன் நோயாளியிடம் என்னத்தைச் சொல்வான் என்பது அவர் கட்சி.

நோயாளியின் தலைப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை ஏற்றிவிட்டார்கள். மார்பெலும்பைப் பிளந்து வைத்திருந்தார்கள். உள்ளே இதயம் துள்ளிக்கொண்டிருந்தது. பாடப் புத்தகத்தில் இருந்ததுபோல் சிவப்பாக இல்லை. மஞ்சள் கொழுப்பு படிந்து, ஈரமாக, நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. ரத்தத்தை எல்லாம் குழாய் வழியாக ஹார்ட்-லங் மெஷினுக்குத் திருப்பினார்கள். இனிமேல் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சேர்ப்பதும் அதை உடம்பெல்லாம் ஓட்டுவதும் அந்த மெஷின் பொறுப்பு. பிறகு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயை அடைக்க இடுக்கி மாதிரி ஒரு கிளாம்ப் போட்டு, குளிர்ந்த மருந்து ஒன்றை இதயத்துக்குள் செலுத்தினார்கள். துள்ளல் குறைந்தது. இன்னும் குறைந்தது. நின்றுவிட்டது. மானிட்டரில் கோடு நேராக ஓடியது.

பொது வார்டில் அந்தக் கோட்டைக் கண்டால் எல்லோரும் கட்டிலை நோக்கி ஓடுவோம். பழக்க தோஷம், என் கால் தானாக ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "எங்க ஓடுறீக? நிறுத்துனதே நாமதேன்" என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த மனிதர் அப்படியே கிடந்தார். இதயம் அசையவில்லை. நுரையீரல் அசையவில்லை. பழுதான வால்வை வெட்டி எடுத்துவிட்டுக் கறுப்பு வளையம் மாதிரி ஒரு புது வால்வை வைத்துத் தைத்தார்கள். கிளாம்ப்பை எடுத்ததும் வெதுவெதுப்பான ரத்தம் உள்ளே போனது. இதயம் கொஞ்ச நேரம் சும்மா நடுங்கியது. பிறகு ஒரு துடிப்பு. ஒரு இடைவெளி. இன்னொரு துடிப்பு. அப்புறம் அது பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் அதைத் தட்டவில்லை, தொடக்கூட இல்லை. நான் என்னை மறந்து "ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர் குனிந்த தலை நிமிராமல், அங்கே ஜெபக்கூட்டம் நடத்துவது யார் என்று கேட்டார்.

அன்று மதியம் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். பயம் இல்லை அது. பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டது போலவும் இருந்தது, பார்க்கக் கொடுத்து வைத்தது போலவும் இருந்தது. வீட்டில் மனைவியிடம் சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை.

வேடிக்கையைப் பாருங்கள். அப்படி வாயடைத்துப் போன நான், அடுத்த இருபது வருடத்தில் ஒரு நோயாளியிடம்கூட அதைச் சொன்னதில்லை. ஊசி போடுவார்கள், தூங்கிவிடுவீர்கள், எழுந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கும். இதுதான் நான் எல்லோருக்கும் பாடிய பாட்டு. உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். கருப்பையா வரும்வரை அது சரி என்றுதான் இருந்தேன்.

2. மூன்று பந்தும் ஒரு தலையணையும்

கருப்பையாவுக்கு நாற்பத்து நான்கு வயது. செக்கானூரணி தாண்டி உள்ளே ஒரு ஊர். அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். இவர் தலையெடுத்து ஒன்றரை ஏக்கர் வாங்கி மல்லிகை போட்டிருந்தார். விடியற்காலையில் பூ மூட்டையோடு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வருகிறவர், கொஞ்ச நாளாக மூட்டையை இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு சட்டை மாட்டினாலே இரைத்திருக்கிறது. சின்ன வயதில் வந்த மூட்டு வீக்கக் காய்ச்சல் இதயத்தின் வால்வைத் தின்றிருக்கிறது. அது முப்பது வருடமாகச் சுருங்கிச் சுருங்கி, இரண்டு விரல் நுழைய வேண்டிய வழி ஒரு பென்சில் நுழையும் வழியாகிவிட்டது. வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்றார் பெரிய டாக்டர்.

வால்வு ஆபரேஷனுக்குத் தயார் செய்வது என்றால் லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலில் பல் டாக்டர். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறிப் புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். கருப்பையாவுக்கு இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். நெஞ்சுக்கு ஆபரேஷன் பண்ண வந்தால் பல்லில் கை வைக்கிறார்களே, அடுத்து எங்கே என்று கேட்டுச் சிரித்தார். பிறகு மூச்சுப் பயிற்சி. மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்று, ஸ்பைரோமீட்டர் என்போம். வாயில் குழாயை வைத்து உறிஞ்சினால் பந்து மேலே ஏறும். அவர் இரண்டு பந்தை ஏற்றுவார், மூன்றாவதை முறைப்பார்.

எல்லாவற்றிலும் முக்கியம் இருமல். ஆபரேஷன் முடிந்ததும் நுரையீரலில் சளி கட்டும். பிளந்து கம்பி போட்ட நெஞ்சை வைத்துக்கொண்டு எவனுக்கு இருமத் தோன்றும்? அதனால் ஒரு தலையணையை மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமச் சொல்லி முன்கூட்டியே பழக்குவோம். இருமினால் பிழைத்தார், இருமாவிட்டால் சளி சீழாகி நிமோனியா. நான் வயதில் மூத்தவர்களை அண்ணே என்பேன், இளையவர்களை மாப்ள என்பேன். "மாப்ள, ஐ.சி.யூ.வுக்கு வந்து நீங்க எனக்குச் செய்ய வேண்டிய ஒரே உபகாரம் இருமுறதுதான்" என்று கருப்பையாவிடம் தினமும் சொன்னேன். அவர் மனைவி பாண்டியம்மாள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அதிகம் பேச மாட்டார்.

3. கத்தரிக்கோல்

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் பிற்பகல். அன்று எனக்கு மூன்று பேரைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை முடி எடுத்து, கிருமிநாசினி போட்டுக் குளிப்பாட்டி, உடம்பில் ஒரு பொட்டு நகையோ நூலோ இல்லாமல் அனுப்ப வேண்டும். கருப்பையா மூன்றாவது ஆள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் கிடையாது என்று கேலி பண்ணிக்கொண்டே கிடந்தார்.

இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தது. கறுப்புக் கயிறு, தடித்தது. வியர்வையிலும் வயல் தண்ணீரிலும் ஊறி முடிச்சு கல் மாதிரி இறுகியிருந்தது.

"அத மட்டும் விட்ருங்கண்ணே" என்றார்.

விட முடியாது, ரூல்ஸ் என்றேன். அப்படியானால் மனைவியைக் கூப்பிடுங்கள், புதுக் கயிறு ஒன்று வாங்கி வரச் சொல்கிறேன் என்றார். புதுசும் கூடாது, பழசும் கூடாது, நூல் என்று எதுவுமே உடம்பில் கூடாது என்றேன். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நேரமானால் எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக் குணம். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், அசையவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு.

கருப்பையா என்னைப் பார்க்கவில்லை. என் கையில் தொங்கிய கயிற்றைத்தான் பார்த்தார். "அம்புட்டுத்தேன்" என்றார். சரி, ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நோயாளி உடம்பிலிருந்து எடுத்த எதையும் வீட்டாரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். சட்டை, வேட்டி, கைக்கடிகாரம், அறுத்த கயிறு எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் கவரில் போட்டுப் பாண்டியம்மாளிடம் கொடுத்தேன். கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை ஸ்பைரோமீட்டரில் கருப்பையா ஒரு பந்தைக்கூட ஏற்றவில்லை. பயத்தில் இருக்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

4. எல்லாம் நார்மல்

மறுநாள் காலை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புது வால்வு அழகாகத் திறந்து மூடுகிறது என்று எக்கோ ஸ்கேனில் பார்த்துச் சொன்னார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் வாயிலிருந்த சுவாசக் குழாயை எடுத்தோம். கண்ணைத் திறந்தார். கையை இறுக்கிப் பிடியுங்கள் என்றால் பிடித்தார். காலை அசையுங்கள் என்றால் அசைத்தார்.

இருமுங்கள் என்றால் மட்டும் இருமவில்லை.

வலி என்று நினைத்து வலி மருந்தைக் கூட்டினோம். தலையணையை எடுத்து மார்பில் வைத்தேன், கை அதன் மேல் சும்மா கிடந்தது. ஃபிசியோதெரபி மேடம் முதுகைத் தட்டினார், கெஞ்சினார், அதட்டினார். கருப்பையா மல்லாந்து, மேலே விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். அழவும் இல்லை, வலிக்கிறது என்று சொல்லவும் இல்லை. பேசினால் பதில் இல்லை. என் கோபம் உங்களுக்குத் தெரியுமே. "மாப்ள, ஒரே ஒரு உபகாரம்தானய்யா கேட்டேன்" என்று கத்தியும் பார்த்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாகத் தெரிந்தது. சளி கட்டிவிட்டது. மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எண்பத்தொன்பதுக்கு மேல் ஏறவில்லை. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலு மணிக்கு இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள், இப்படியே இருந்தால் மறுபடி குழாயைப் போட்டு வென்டிலேட்டரில் ஏற்ற வேண்டியதுதான் என்றார். புது வால்வு வைத்த ஆள் மறுபடி வென்டிலேட்டருக்குப் போனால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சிலர் திரும்பி வருவார்கள். சிலர் வர மாட்டார்கள்.

பதினொரு மணிக்கு வீட்டாரில் ஒருவரைப் பத்து நிமிடம் உள்ளே விடுவோம். பாண்டியம்மாள் கவுனும் தொப்பியும் மாட்டிக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று புருஷனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நான் வராந்தாவில் மடக்கினேன். நாங்கள் சொன்னால்தான் கேட்கவில்லை, நீங்களாவது இருமச் சொல்லக் கூடாதா என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கையிலிருந்த பையைத் திறந்து அந்தப் பாலிதீன் கவரை எடுத்தார். சட்டை வேட்டியெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டது. கவருக்குள் கயிறு மட்டும் இருந்தது.

"இத எதுக்கு அறுத்தீக?" என்றார்.

ரூல்ஸ் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆம்பளைக்கு இத எப்ப அறுப்பாகன்னு உங்களுக்குத் தெரியாதா? சுடுகாட்டுல வச்சு, கடைசியா அறுப்பாக. பழச அவுக்கணும்னாகூடப் புதுச மொதல்ல கட்டிட்டுத்தேன் அவுப்போம். இடுப்பு ஒரு நிமிசம் வெறுமனா இருக்கக் கூடாது. அவரு உசுரோட இருக்கையில அறுத்து, எங்கையில குடுத்து, கையெழுத்தும் வாங்கிட்டீக."

எனக்கு உண்மையிலேயே தெரியாது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு அரைஞாண் கட்டும் வழக்கமில்லை. எங்களுக்குக் கல்லறைத் தோட்டம். சுடுகாட்டுக்குள் போய் நின்றவன் இல்லை நான். இருபது வருடமாக எத்தனையோ பேருக்கு அறுத்திருக்கிறேன். டவுன்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டவர்களும் ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள்.

ஆபரேஷன் நடந்த ஆறு மணி நேரமும் பாண்டியம்மாள் அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கூட இருந்த தன் தம்பியிடம்கூடக் காட்டவில்லை. காட்டினால் அவன் ஊருக்குப் போன் போடுவான், ஊர் கிளம்பி வந்துவிடும் என்றார். ஒரு சாவை ஆறு மணி நேரம் தனியாக மடியில் வைத்திருந்த பெண்ணிடம்தான் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், கேட்பதாக இருந்தால் உள்ளே போய் அவரிடம் கேளுங்கள் என்றார்.

5. நிஜத்தைச் சொல்வது

கருப்பையா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கயிற்றை அறுத்தது என் தப்பு, அதன் அர்த்தம் தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். குழாய் இருந்த தொண்டை, குரல் கரகரவென்று வந்தது. இரண்டு நாளில் முதல் பேச்சு.

"அது கெடக்கட்டும்ணே. ஒண்ணு கேக்குறேன். நெசத்தச் சொல்லுவீகளா?"

"சொல்றேன் மாப்ள."

"நான் செத்தேனா, இல்லையா?"

சேச்சே, என்ன பேச்சு இது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபது வருடப் பாட்டு அல்லவா. அடக்கிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார், மூச்சு வாங்கி வாங்கி.

"முழிச்சுப் பாத்தேன். வாயக் கட்டியிருந்துச்சு. மூக்குல என்னமோ வச்சு அடச்சிருந்துச்சு. ரெண்டு கையையும் கட்டியிருந்துச்சு. கால் பெருவெரல்ல சுத்தியிருந்துச்சு. அரணாக்கயிறு முன்னமே போயிருச்சு. எங்கய்யா செத்தப்ப இதெல்லாம் கட்டுனது நான்தேன். எனக்குத் தெரியாதா?"

நான் அவர் காலைப் பார்த்தேன். கால் பெருவிரலில் உடம்புச் சூட்டைப் பார்க்கும் ஒயரை வைத்துப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஆபரேஷன் முடிந்து வரும் எல்லோருக்கும் வைப்போம். சுவாசக் குழாய் நகராமலிருக்க வாயைச் சுற்றிப் பிளாஸ்திரி போடுவோம். வயிற்றுக்குப் போகும் குழாய் மூக்கில் இருக்கும். பாதி மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கையைத் துணியால் கட்டிலோடு கட்டுவோம். நிமிர்ந்து பார்த்தேன். வரிசையாக நாலு கட்டில், நாலு பேர், நாலு பேர் கால் பெருவிரலிலும் சுற்று. ஒருவரைப் பிழைக்க வைப்பதற்கு நாங்கள் செய்ததெல்லாம், செத்தவருக்கு வீட்டில் செய்வதாகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"செத்துட்டேன்னு நான் சொல்லலண்ணே. உசுரோட இருக்கனா இல்லையான்னு எனக்கு வெளங்கல. வெளங்காம எதுக்குப் போட்டு இருமணும்?" என்றார்.

அப்போதுதான் நிஜத்தைச் சொல்லத் துணிந்தேன். அவர் இதயத்தை நிறுத்தியதைச் சொன்னேன். தானாக நிற்கவில்லை, நாங்கள் மருந்து விட்டு நிறுத்தினோம் என்றேன். மூச்சும் நின்றது. அந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் ஒரு மெஷின் அவருக்காக ரத்தத்தை ஓட்டியது. ஓடுகிற இதயத்தில் தையல் போட முடியாது, அதனால் நிறுத்தினோம், தைத்தோம், திரும்ப ஓட விட்டோம் என்றேன். முதல் நாள் ஸ்டூலில் நின்று பார்த்ததையும், ஓடப் போனதையும் சொன்னேன். கண்ணை இமைக்காமல் கேட்டார்.

"எம்புட்டு நேரம்?"

எழுந்து போய் ஃபைலை எடுத்து வந்தேன். மெஷின் ஓட்டுகிறவர் எழுதி வைக்கும் சீட்டு அதில் இருக்கும். கிளாம்ப் போட்ட நேரம், எடுத்த நேரம். விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். "எழுபத்திரண்டு நிமிசம்."

"அப்பறம் அத அடிக்க வச்சது யாரு?"

சீட்டில் அதுவும் இருந்தது. சில இதயங்களுக்கு ஷாக் கொடுத்து ஓட்ட வேண்டியிருக்கும், இவருக்குத் தேவைப்படவில்லை. "யாரும் இல்ல மாப்ள. கிளாம்ப்ப எடுத்தாக. அதுவா அடிச்சுச்சு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். மானிட்டரில் துடிப்பு நூற்றுப் பத்துக்கு ஏறியது. கெடுத்துவிட்டேன், உள்ளதும் போச்சு என்று நினைத்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும். எண் மெதுவாக இறங்கியது. நூறு. தொண்ணூற்றாறு. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"அப்ப நீங்க அறுத்தது தப்பில்லண்ணே" என்றார். "செத்ததுக்கு அறுத்தீக. இப்ப பொழச்சிருக்கேன்ல. கட்டிவிடுங்க."

6. நாலு மணிக்குள்

ஐ.சி.யூ.வுக்குள் வெளியிலிருந்து கயிறு, நூல் எதுவும் வரக் கூடாது. பெரிய டாக்டர் அறைக்கு ஓடினேன். நான் அறுத்ததையும், கருப்பையா கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, தன் அப்பாவுக்கும் சுடுகாட்டில் வைத்து அறுத்தது நினைவிருக்கிறது என்றார். இத்தனை வருடத்தில் தனக்குமே இது தோன்றவில்லையே என்றார். பிறகு, "ட்ரெயின் ட்யூப்ல படாம, ஸ்டெரைல் பண்ணிக் கட்டு. எக்ஸ்ரே நாலு மணிக்குத்தான்" என்றார்.

பாண்டியம்மாளின் தம்பி கீழே கடைக்கு ஓடிக் கறுப்புக் கயிறு வாங்கி வந்தார். அதை ஆபரேஷன் துணிகளைப் போல உறையில் போட்டு ஒட்டி, கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கு என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார். கயிறு, ஒன்று என்று எழுதச் சொன்னேன். சாயம் போனால் தன்னைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே வைத்தார்.

கயிறு வெந்து வருவதற்குள் இன்னொரு வேலை மிச்சமிருந்தது. அறுத்த பழைய கயிறு பாண்டியம்மாளிடமே இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, ரோட்டில் போடவும் மனம் வராது. செத்தவரோடு எரிய வேண்டியது அது என்றார். நான் அவரை மஞ்சள் பை மாட்டியிருந்த தொட்டிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் போடுகிற பை. அந்தப் பை எங்கே போகும் என்று கேட்டார். உலையில் போட்டு எரித்துவிடுவார்கள் என்றேன். பாண்டியம்மாள் கவரை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே போட்டார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கயிறு சூடாக வந்தது. சாயம் போகவில்லை. யார் கட்டுவது என்ற பேச்சு வந்தது. குழந்தைக்கு என்றால் அத்தையோ மாமனோ கட்டுவார்களாம். அறுத்தவரே கட்டட்டும் என்று கருப்பையா சொல்லிவிட்டார். கிளவுஸ் மாட்டிக்கொண்டேன். அவரைப் புரட்டக் கூடாது. வயிற்றில் ரத்தம் வடிய வைத்த மூன்று ட்ரெயின் ட்யூப், இதயத்துக்குப் போகும் இரண்டு பேஸ்மேக்கர் ஒயர். மறுபடி கவுனும் தொப்பியும் மாட்டி உள்ளே வந்த பாண்டியம்மாள் அந்தப் பக்கம் நின்று முதுகுக்கு அடியில் கயிற்றை நுழைத்துக் கொடுத்தார், இந்தப் பக்கம் நான் வாங்கினேன். இரண்டு முடிச்சுப் போட்டேன். இறுக்கமா என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றார்.

பிறகு நான் சொல்லாமலே தலையணையைக் கேட்டார். மார்போடு அணைத்துக்கொண்டார். முகம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. முதல் இருமலில் ஒன்றும் வரவில்லை. வலியில் ஒரு கெட்ட வார்த்தைதான் வந்தது, பெண்டாட்டி முன்னால் சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்தினார். இரண்டாவது இருமலில் பழுப்பாக, கட்டியாக ஒரு வாய்ச் சளி வந்தது. அதை ஏந்திய கிண்ணத்தை நான் பார்த்த மாதிரி எந்தப் பாத்திரத்தையும் ஆசையாகப் பார்த்ததில்லை. மூன்று, நாலு, ஐந்து. ஆக்சிஜன் தொண்ணூற்றொன்று ஆனது. அரை மணி கழித்துத் தொண்ணூற்று மூன்று. பாண்டியம்மாள் சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அப்போதுதான் அழுதார்.

நாலு மணி எக்ஸ்ரேயில் அந்த வெள்ளை பாதி கரைந்திருந்தது. குழாய் போடவில்லை. எட்டாம் நாள் கருப்பையா நடந்து வீட்டுக்குப் போனார்.

7. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் கயிற்றுக்குக் கத்தரிக்கோல் எடுப்பதில்லை. வீட்டாரைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்கிறோம். முடிச்சு வராவிட்டால் எண்ணெய் போட்டு ஊற வைக்கிறோம். ஆட்டோகிளேவ் பண்ணிய புதுக் கயிறு ஒன்று நோயாளியின் பெயர் எழுதி ஐ.சி.யூ.வில் தயாராக இருக்கும். கண் விழித்ததும் வாயில், மூக்கில், கையில், கால் விரலில் என்ன இருக்கும், ஏன் இருக்கும் என்று முதல் நாளே தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுகிறோம். இதெல்லாம் நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கற்றுக்கொண்டுவிடலாம். நான் கற்றுக்கொள்ள ஆன நேரம் இருபது வருடம்.

தாளில் எழுத முடியாதது ஒன்று உண்டு. கருப்பையாவுக்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, நான் என் பாட்டையே மாற்றிப் பாடினேன். தயார் செய்யும்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்கள் இதயத்தை நாளைக்கு நிறுத்தப் போகிறோம், தைத்து முடித்ததும் அது திரும்ப அடிக்கும், நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்வேன். இத்தனை வருடமாகப் பயந்துவிடுவார்கள் என்று நான் பயந்தேனே, ஒருவர்கூடக் கட்டிலை விட்டு இறங்கிப் போகவில்லை. நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், எம்புட்டு நேரம் என்று. எனக்குத் தெரியாது, முடிந்ததும் சீட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்பேன். கண் விழித்தவரிடம் மறக்காமல் சொல்லியும் விடுவேன். அந்த எண்ணைக் கேட்டுவிட்டுத் தலையணைக்குக் கை நீட்டாதவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.